டர்பைனுக்குச் சூடம் காட்டிய நாள்

சூடம் காட்டி ஒரு கேஸ் டர்பைனை நிறுத்திய மனிதரை எனக்குத் தெரியும். நிறுத்தியது அவரில்லை, இதைச் சொல்கிற நான்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தவரும் அவர்தான். இத்தனை வருஷமாக அவர் வாயால் மட்டுமே ஊர் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறது. இனி என் வாயாலும் கேட்கட்டும்.

அவர் எங்கள் மின் நிலையத்தின் சூப்பிரண்டு. நான் அங்கே காண்ட்ராக்டில் வேலை பார்த்த ஆபரேட்டர், அதுவும் ஒரே பெண் ஆபரேட்டர். தனியாரும் மின்சாரம் தயாரிக்கலாம் என்று சர்க்கார் கதவைத் திறந்துவிட்ட காலம் அது. நாகப்பட்டினத்துக்கு மேற்கே, வயலுக்கடியில் எரிவாயு இருக்கிறது என்று கண்டுபிடித்துக் குழாய் இறக்கிய ஊர்களுக்கு நடுவே, ஒரு கம்பெனி சின்னதாக ஒரு நிலையம் கட்டியது. அதற்கு எடுத்த நிலத்தில் எங்கள் அப்பாவின் ஐந்து மா வயலும் அடக்கம். அப்பா பாதி ஆயுளை அடுத்தவன் வயலில் ஏர் ஓட்டியும் அண்டை வெட்டியும் கழித்தவர். எங்கள் தெருவில் முதன்முதலாகத் தன் பேரில் பட்டா வாங்கியவர். அந்தப் பட்டாவைத்தான் கம்பெனி வாங்கிக்கொண்டது.

நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு நிரந்தர வேலை என்று ஊர்க்கூட்டத்தில் மைக் வைத்துச் சொன்னார்கள். நான் அப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் வீட்டு வேலை எனக்குத்தான் என்று அப்பா முடிவு செய்தார். முதலில் காண்ட்ராக்ட், பொங்கலுக்குள் நிரந்தரம் என்றார்கள். அப்பாவையும் தோட்ட வேலைக்குத் தினக்கூலியாக எடுத்துக்கொண்டார்கள். தன் சொந்த வயலில் நெல்லுக்குப் பதிலாகக் குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மகள் நிரந்தரமாகிவிட்டால் இதை விட்டுவிடலாம் என்று அவர் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

வேலைக்கு எடுத்ததும் எங்களைப் பல ஊர்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எங்கள் அறிவு வளர வேண்டும் என்று கம்பெனிக்கு அக்கறை இருந்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம். மெஷின் கப்பலில் வந்து சேரத் தாமதமானது, சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க அவர்களுக்கு மனசு வரவில்லை. எப்படியோ, எனக்கு அது நல்லதாகப் போயிற்று.

டர்பைன் என்றதும் எங்கள் பக்கத்து ஆட்கள் போர்க் குழாயில் இறக்குகிற பம்பைத்தான் சொல்வார்கள். அது டர்பைனுக்கு நேர்மாறான வேலை. பம்பு கரண்டைச் செலவழித்துத் தண்ணீரைத் தள்ளுகிறது. டர்பைனில் தண்ணீரோ காற்றோ ஆவியோ வந்து தகடுகளைத் தள்ளுகிறது, தகடு தண்டைச் சுற்றுகிறது, தண்டின் மறுமுனையில் ஜெனரேட்டர் சுற்றிக் கரண்ட் வருகிறது. இதை விளக்கி விளக்கி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். "அட போம்மா, எங்க டர்பைன் இருவது வருசமா ஓடுது" என்று என்னையே கேலி செய்தார்கள்.

முதலில் நீலகிரிக்குப் போனோம். மலை உச்சியில் தேக்கிய தண்ணீரைக் குழாயில் செங்குத்தாக இறக்கி, ஒரு சின்னத் துவாரம் வழியாகப் பீய்ச்சி அடிக்கிறார்கள். எதிரே ஒரு சக்கரம். அதன் விளிம்பு முழுக்க இரட்டைக் குழிக் கரண்டிகள். தண்ணீர் நடுவில் பட்டு இரண்டாகப் பிரிந்து, வந்த பக்கமே திரும்பும். திரும்பும்போது தன் வேகத்தை எல்லாம் கரண்டியிடம் கொடுத்துவிட்டு, அடங்கிப்போய்க் கீழே விழும். தண்ணீர் கொஞ்சம், உயரம் அதிகம் என்கிற இடத்துக்கு அந்தச் சக்கரம்தான் சரி.

அப்புறம் காவிரிக்குக் கூட்டிப்போனார்கள். மேட்டூருக்குக் கீழே ஆற்றின் குறுக்கே வரிசையாகக் கதவணை கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே கதை தலைகீழ். தண்ணீர் ஏராளம், உயரம் கொஞ்சம். கரண்டிச் சக்கரத்தை வைத்தால் அது சும்மா நனையும், அவ்வளவுதான். அதனால் கப்பல் விசிறி மாதிரி சில இறக்கைகள், அதோடு சேர்த்து ஜெனரேட்டரையே முட்டை வடிவக் கூட்டில் அடைத்து ஆற்றுக்குள்ளேயே முக்கி வைத்திருக்கிறார்கள். வரத்து கூடினால் குறைந்தால் இறக்கையைத் திருப்பிச் சாய்மானத்தை மாற்றிக்கொள்ளலாம். எங்கள் வாய்க்காலுக்கு வருகிற தண்ணீர் இத்தனை சக்கரங்களைச் சுற்றிவிட்டு வருகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறு வற்றினால் எங்களுக்கு மட்டுமா நஷ்டம் என்று கொஞ்சம் அற்பமான சந்தோஷம்கூட வந்தது.

ஆரல்வாய்மொழியில் காற்றாலை பார்த்தோம். காற்றிடமிருந்து முழுப் பலத்தையும் பிடுங்கிவிட முடியாது என்று அங்கே சொன்னார்கள். பிடுங்கினால் இறக்கைக்குப் பின்னால் காற்று அப்படியே நின்றுபோகும், அடுத்து வருகிற காற்றுக்குப் போக வழி இருக்காது. கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மீதியைப் போக விட்டாக வேண்டும். காற்றிடம் காட்டுகிற அந்த நியாயத்தை நிலம் கொடுத்தவனிடம் எந்தக் கம்பெனியும் காட்டி நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு நிலக்கரி நிலையம். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அழுத்தமான ஆவியை வரிசை வரிசையான தகடுகள் மேல் பாய்ச்சுகிறார்கள். முதல் வரிசைத் தகடு விரல் நீளம், கடைசி வரிசை கை நீளம். ஆவி போகப்போக விரியும், அதற்கு இடம் வேண்டும். வேலை முடிந்த ஆவியைக் குளிர வைத்துத் தண்ணீராக்கிப் பழையபடி பாய்லருக்கே அனுப்புவார்கள். பொறுமையான மெஷின். கிளப்புவதற்குமுன் மணிக்கணக்கில் சூடேற்ற வேண்டும். நிறுத்தினாலும் அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. சூடு ஆறும்வரை தண்டை மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் தன் கனத்தில் தானே வளைந்துவிடும்.

எங்கள் ஊருக்கு வந்தது கேஸ் டர்பைன், மகா அவசரக்காரன். கொதிக்க வைக்கிற வேலையே கிடையாது. வாசலில் ஒரு வீடு உயரத்துக்கு வடிகட்டிகள். அதன் வழியாகக் காற்றை இழுத்து, முன்பக்கம் இருக்கிற கம்ப்ரசர் அதை நசுக்கி அழுத்தும். அழுத்திய காற்றில் எரிவாயுவைக் கலந்து பற்றவைத்தால், விரிகிற நெருப்புக் காற்று பின்பக்கத் தகடுகளைத் தள்ளும். தள்ளுகிற பலத்தில் பாதிக்கு மேல் தன் கம்ப்ரசரைச் சுற்றவே அது செலவழித்துவிடும், மிச்சம்தான் கரண்ட். கரண்ட் தேவை என்று போன் வந்தால் சோறு வடிக்கிற நேரத்துக்குள் கிளம்பிவிடும். அறுவடைக் காலத்தில் சுற்று வட்டாரத்துத் தூசி அத்தனையும் அந்த வடிகட்டியில்தான் இருக்கும். அப்பா அதைப் பார்த்து, "நம்ம களத்து மேட்டுப் பதருல்ல இது" என்றார்.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும், எல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்த மெஷின் திறந்த வெளியில் ஓடாது. இரைச்சலும் சூடும் வெளியே வராமல் ஒரு இரும்பு அறைக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். கூண்டு என்போம். உள்ளே எங்காவது வாயு கசிந்து தீப்பிடித்தால் கண்டுபிடிக்க, சுவரில் தீயைப் பார்க்கும் கண்கள் உண்டு. இரண்டு கண் ஒரே நேரத்தில் தீயைப் பார்த்தால் போதும். மெஷின் தானாக நிற்கும், சைரன் அலறும், காற்றுப் போகிற வழிகள் மூடிக்கொள்ளும், கொஞ்சம் பொறுத்து வெளியே வரிசையாக நிற்கிற சிலிண்டர்களிலிருந்து கரியமில வாயு மொத்தமும் கூண்டுக்குள் கொட்டும். தீ மூச்சுத் திணறிச் சாகும். உள்ளே ஆள் இருந்தால் ஆளும் அப்படித்தான். அதனால் யாராவது கூண்டுக்குள் கால் வைப்பதற்கு முன் சிலிண்டர்கள் பக்கத்தில் இருக்கிற வால்வைச் சாவி போட்டுப் பூட்ட வேண்டும். அந்தச் சாவி ஒன்றே ஒன்று. சிவப்பு வளையத்தில் கண்ட்ரோல் ரூம் ஆணியில் தொங்கும். ஷிப்டில் இருக்கிறவர்தான் அதற்குப் பொறுப்பு.

சூப்பிரண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய மிராசு வீட்டு வழி. ஜாதியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. புதிதாக யாரைப் பார்த்தாலும் "எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்பார். நான் எதைக் கொடுத்தாலும் கையில் வாங்க மாட்டார், "அங்க வையும்மா" என்பார், நான் நகர்ந்த பிறகு எடுத்துக்கொள்வார். மெஷின் விஷயத்தில் கெட்டிக்காரர்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த டர்பைன் கம்பெனியுடையதுகூட இல்லை, தன் வீட்டுப் பூஜை அறையில் இருக்கிற ஏதோ ஒன்று என்பது போலத்தான் நடந்துகொள்வார். எனக்கு அவரைச் சேர்ந்த நாளிலிருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஆனால் யாரை நிரந்தரமாக்கலாம் என்று மேலே எழுதி அனுப்புகிறவர் அவர். அதனால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு "சரிங்க சார்" சொல்லப் பழகினேன்.

அந்த வருஷத்து ஆயுத பூஜை வந்தது. அப்பா எங்கிருந்தோ இரண்டு வாழைக்கன்று வெட்டிவந்து டர்பைன் ஹால் வாசலில் கட்டினார். ஹாலுக்கு நடுவில் சாமி படம், அதன் முன்னால் வாழையிலை, பொரி, கடலை, சுண்டல், பூசணிக்காய். இலைக்கு முன்னால் நிலையத்தில் இருந்த ஸ்பானர், சுத்தியல், மீட்டர், டார்ச் லைட் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் குவித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம்தான். பூஜையில் வைத்த கருவியை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்று மறுபூஜை செய்துதான் எடுக்க வேண்டும். தச்சரோ டெய்லரோ கடையைச் சாத்திவிட்டுப் போகலாம். கரண்ட் அனுப்பிக்கொண்டிருக்கிற மெஷின் அப்படி லீவு எடுக்காது என்பதுதான் சிக்கல்.

அன்று காலை ஷிப்ட் எனக்கும் நாகூர்க்கார பாய் ஒருவருக்கும். என்னைவிட மூத்த ஆபரேட்டர், நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். எல்லோரும் பூஜைக்குப் போய்விட, கண்ட்ரோல் ரூமை அவர் பார்த்துக்கொண்டார். நான் ஹாலில் நின்றிருந்தேன். கோயில் குருக்கள் வந்து ஹாலில் பூஜையை முடித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். சூப்பிரண்டு தட்டில் ஒரு கை சூடத்தை அள்ளி வைத்துக்கொண்டு, குருக்களிடம், "மெஷினுக்கு நேரா காட்டிருவோம் சாமி. கதவத் திறந்து உள்ள போயிக் காட்டுனாத்தான் திருப்தி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேரே அவரிடம் போனேன்.

"சார், உள்ள ப்ளேம் டிடெக்டர் இருக்கு. சூடத்தப் பாத்தா மெஷின் டிரிப் ஆயி நின்னுடும்."

"போன வருசம் இந்த நெலையமே கெடையாது, உனக்கு எப்படித் தெரியும்? வாசல்ல நின்னு ஒரு சுத்து. என்ன ஆயிடப்போவுது?"

"டிரிப்கூடப் பரவால்ல சார். சிலிண்டர் தெறந்துக்கும். உள்ள போறதா இருந்தா மொதல்ல வால்வப் பூட்டணும்."

"பூட்டிட்டு வா, போ."

கண்ட்ரோல் ரூமுக்கு ஓடினேன். ஆணியில் சாவி இல்லை. பாய் முகத்தைச் சுளித்தார். "காலையில வந்து எல்லாச் சாவியையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க தங்கச்சி. பூஜையில வைக்கணும்னாங்க. அத மட்டும் விட்டுட்டுப் போங்கன்னேன், கேக்கல" என்றார்.

திரும்பி ஓடிவந்து பார்த்தால், குவியலின் உச்சியில் சிவப்பு வளையம் தெரிந்தது. வளையத்தில் சந்தனம், சாவியில் குங்குமம், மேலே ஒரு சாமந்திப் பூ. நான் குனிந்தேன்.

"ஏய், என்ன பண்ற?" என்று சூப்பிரண்டு சத்தம் போட்டார். "பூஜையில வெச்சத நாளைக்கித்தான் எடுக்கணும். அதுகூடத் தெரியாதா? நீ குளிச்சிட்டு வந்தியோ, எந்த நாள்ல இருக்கியோ..."

அத்தனை ஆண்கள் முன்னால் அவர் அதைச் சொன்னார். குருக்கள் தரையைப் பார்த்தார். வாசலில் வாழைக்கன்று ஓரமாக அப்பா நின்றிருந்தார்.

"அப்ப நீங்க உள்ள போவாதீங்க சார்" என்றேன்.

"தெருவுலேருந்து வந்து எனக்குப் படிச்சுக் குடுக்கறியா நீ?" என்றபடியே கூண்டுக் கதவின் கைப்பிடியைத் திருகினார். பக்கத்தில் நின்றவர் சூடத்தைப் பற்றவைத்தார்.

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. இலையைத் தாண்டிக் கையை நீட்டி, சாவியைப் பிடுங்கினேன். ஸ்பானர்கள் சரிந்து விழுந்தன, குங்குமக் கிண்ணம் கவிழ்ந்தது. பின்னால் யாரோ "ஐயையோ" என்றார்கள். சிலிண்டர்கள் இருக்கிற பக்கம் ஓடி, வால்வைத் திருப்பிப் பூட்டினேன். கையெல்லாம் சந்தனம், சாவி வழுக்கியது. பூட்டு விழுந்த சத்தம் கேட்ட உடனேயே சைரன் அலறியது.

கூண்டு வாசலுக்கு வந்து நான் பார்த்த காட்சியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. சூப்பிரண்டும் குருக்களும் கதவைத் தாண்டி நாலடி உள்ளே நின்றிருந்தார்கள். கீழே வைத்த தட்டில் சூடம் கொழுந்துவிட்டு எரிந்தது. சைரன் காதைப் பிளக்கிறது. ஓடிவர வேண்டியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்கள்! ஹாலில் நின்ற அத்தனை பேரும் கும்பிட்டார்கள். மெஷினே சங்கு ஊதி ஆரத்தியை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. கன்னத்தில் போட்டுக்கொண்டார் ஒருவர். நான் உள்ளே போய் குருக்களின் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். சூப்பிரண்டு தானாக வந்தார். அந்த வால்வு திறந்திருந்தால், கும்பிட்ட கை கும்பிட்டபடியே இரண்டு பேரும் அங்கேயே விழுந்திருப்பார்கள்.

சைரன் நின்றது. அதற்குள் மெஷினின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஹாலே கேட்டிராத ஒரு அமைதி வந்துவிட்டது. எல்லோரும் நின்றுபோன மெஷினைப் பார்த்தார்கள், பிறகு சரிந்து கிடந்த பூஜைச் சாமான்களைப் பார்த்தார்கள், பிறகு என் குங்குமக் கையைப் பார்த்தார்கள். சூப்பிரண்டும் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "பூஜையில கை வெச்சா. நின்னு போச்சு பாத்தீங்களா."

அவ்வளவுதான். தீயைப் பார்க்கும் கண்கள், வால்வு, கரியமில வாயு என்று நான் எவ்வளவு கத்தியும் யார் காதிலும் ஏறவில்லை. பாய் கண்ட்ரோல் ரூமிலிருந்து வந்து, "தீன்னு காட்டித்தான் டிரிப் ஆச்சு, நான் கண்ணால பாத்தேன்" என்றார். "உங்களுக்கு எங்க பூஜையப் பத்தி என்ன தெரியும் பாய்?" என்று அவர் வாயையும் அடைத்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊரில் கதை பரவிவிட்டது. என் கை பட்டு டர்பைன் நின்றதாம். இத்தனை டன் இரும்பை நிறுத்துகிற சக்தி என் கைக்கு இருக்கிறது என்றால், அதற்காகவாவது என்னை நிரந்தரமாக்கியிருக்கலாம்.

மறுநாள் காலை மறுபூஜைக்கு முன்னால் சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். அப்பாவும் அங்கே நின்றார். பரிகாரம் செய்ய வேண்டுமாம். எல்லோர் முன்னாலும் ஒரு தேங்காய் உடைத்து, தொட்டது என் தப்பு, அதனால்தான் மெஷின் நின்றது என்று சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கேட்டால் இதை இத்தோடு விட்டுவிடுவாராம்.

"மாட்டேன்" என்றேன்.

"பாப்பா, ஒரு தேங்காதானே. ஒடச்சுட்டுப் போயேன். நம்ம வேல பாப்பா அது" என்று அப்பா என் காதருகே கெஞ்சினார்.

"நான் பூட்டலன்னா இவரு இங்க நின்னு பேசிட்டு இருக்க மாட்டாருப்பா. நான் எதுக்கு ஒடைக்கணும்?"

அப்பா என்னை விட்டு நகர்ந்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சூப்பிரண்டு முன்னால் போய் நின்றார். "சின்னப் புள்ளைங்க, தெரியாம பண்ணிட்டா. மெஷினு நின்னது எம்மவ தப்புதான். மன்னிச்சுக்கிடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, தேங்காயைத் தரையில் ஓங்கி அடித்து உடைத்தார். தண்ணீர் என் செருப்பு வரை தெறித்தது. சூப்பிரண்டு கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தார், தலையை மட்டும் ஆட்டினார்.

மாசக் கடைசியில் எல்லோருக்கும் காண்ட்ராக்ட் நீட்டித்தார்கள், எனக்கு இல்லை. பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குச் சொன்ன நிரந்தர வேலை வந்தது. அப்பாவின் பேரில், தோட்டக்காரராக. நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வேலை என்கிற வாக்கைக் கம்பெனி காப்பாற்றிவிட்டது, எழுதி அனுப்பியவர் சூப்பிரண்டு. அப்பா அன்றைக்கு எங்கள் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன்.

அதற்குப் பிறகு பாயின் மச்சான் ஒருவர் மூலமாகச் சிங்கப்பூர் போனேன். நாகூர்க்காரர்களுக்கு அங்கே ஆள் இல்லாத தெரு கிடையாது. அங்கே ஒரு பெரிய நிலையத்தில் வேலை கிடைத்தது. கேஸ் டர்பைனில் எரிந்து வெளியேறும் சூட்டை வீணாக்காமல் அதையே வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இன்னொரு நீராவி டர்பைனையும் ஓட்டுவார்கள். அங்கே கூண்டுக்குள் போகிற ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போவார். அந்தச் சாவியை இன்னொருவர் கேட்கக்கூட முடியாது. முதல் நாள் என் பேர் எழுதிய பூட்டைக் கையில் கொடுத்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு சின்ன விஷயம். இதை எங்கள் ஊரில் யாரும் ஏன் எனக்குத் தரவில்லை?

போன முறை லீவில் வந்தபோது பாயின் மகளுக்கு நாகூரில் கல்யாணம். எங்களைப் போன்ற இந்து விருந்தாளிகள் சில பேருக்கு மாடியில் தனியாகச் சைவச் சாப்பாடு போட்டார்கள். இலையில் உட்கார்ந்து நிமிர்ந்தால், பக்கத்து இலையில் சூப்பிரண்டு. தலை முழுக்க நரைத்து, ஆள் பாதியாகிவிட்டார். எழுந்து வேறு பந்திக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"நல்லாருக்கியாம்மா? சிங்கப்பூர்னு சொன்னாங்க."

"இருக்கேன் சார்."

அவர் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னிக்கு நீ பூட்டலன்னா நான் இல்ல. குருக்களும் இல்ல."

ஒருவேளை பிறகு யாராவது சொல்லிப் புரிந்திருக்கலாம் என்று நினைத்தேன். "எப்பத் தெரிஞ்சுது சார் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எப்பன்னா? அன்னிக்கே தெரியும். நீ ஓடுனப்பவே தெரியும். சைரன் அடிச்சதும் நான் மேல பாத்தேன். வாயு வரல. நீ பூட்டிட்டேன்னு புரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுக்கிட்டேதான் என் தலையில போட்டீங்களா?"

"கரண்ட் நின்னதுக்கு மெட்ராஸ்லேருந்து கேள்வி வந்துச்சு. சூப்பிரண்டு சூடம் காட்டி நின்னுச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? எனக்கு ரெண்டு பொண்ணு. உனக்கு வயசு இருந்துச்சு, எங்க போனாலும் பொழச்சுக்குவேன்னு தெரியும். பாரு, நல்லாத்தானே இருக்க."

"எங்கப்பா தேங்கா ஒடச்சாரே. அப்பவும் தெரியும்ல?"

அவர் பாயசம் ஊற்ற வந்த பையனிடம் போதும் என்று கை காட்டினார். பிறகு, "தெரியும்" என்றார்.

இத்தனை வருஷம் நான் அவரை மூடன் என்று நினைத்திருந்தேன். மூட நம்பிக்கை, மிராசுத் திமிர், இரண்டும் கலந்த ஒரு ஆள் என்று நினைத்து, அதற்குத் தக்க அளவில் வெறுத்து வைத்திருந்தேன். அது போதவில்லை. பூட்டு விழுந்ததும் புரிந்துகொண்ட அந்த மனிதர், மறுநாள் காலை கையைக் கட்டிக்கொண்டு நின்று அப்பாவை மன்னித்திருக்கிறார். இலையை மூடாமலே எழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அப்பாவிடம் சொன்னேன். அவர் ஓய்வு பெற்று, பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கிறார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அந்த ஆளே ஒப்புக்கொண்டார், என் மேல் தப்பு இல்லை, நீங்கள் தேங்காய் உடைத்தபோதே அவருக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னேன். அப்பா முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. அப்பாடா, இப்போதாவது புரிந்தது என்று நினைத்தேன்.

"எப்பேர்ப்பட்ட மனுசன் பாரு பாப்பா" என்றார் அப்பா. "இத்தன வருசம் கழிச்சு, நீ மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு உன் தப்பத் தன் மேல போட்டுக்கிறாரு. எனக்கு வேல போட்டுக் குடுத்தவராச்சே. அவருக்குத்தான் அந்த மனசு வரும்."

அந்த நிமிஷம் சூப்பிரண்டு மேல் இருந்ததைவிட அப்பா மேல் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. லீவு முடிந்து சிங்கப்பூர் திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பேசுகிறேன். கோபம் இன்னும் போகவில்லை.